பழைய ஃபைபர் படகு: பின்பலகை உளுத்திருக்கா, எப்படி உறுதி செய்வது?

வணக்கம். 24 அடி ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினோடு (பின்னால் வெளியே மாட்டுவது) விலைக்கு வந்திருக்கு. கரையில் வைத்துப் பார்த்தது இது.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கும் அழுத்தம்) மேல் சிலிண்டரில் 120, கீழே 95 பிஎஸ்ஐ. வித்தியாசம் 10 சதவீதம் வரை பொறுக்கலாம், இது 20-ஐத் தாண்டுது. கோளாறு கேஸ்கெட்டிலா, பிஸ்டன் ரிங்கிலா என்று பார்க்க, கீழ் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கணும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். கியர் ஆயில் தண்ணீர் கலந்து பால் காப்பி நிறத்தில் வருது. புரொப்பல்லர் ஷாஃப்டில் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) சுற்றி ஆயில் சீல் அறுந்திருக்கும், அது சின்னச் செலவுதான்.

பயமெல்லாம் எஞ்சின் மாட்டும் பின்பலகைமேல். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் ஓரத்தில் கணீர், கீழ் போல்ட் பக்கம் பொத்துப் பொத்தென்று சத்தம். எஞ்சின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் மூலையில் மயிரிழை விரிசல் வாய் திறக்குது, போல்ட் ஓரம் பழுப்புத் தண்ணீர் கசியுது. உள்ளே, இரண்டு ஃபைபர் தோலுக்கும் நடுவில் இருக்கும் பிளைவுட் ஊறியிருக்கும்.

உள்பக்கமிருந்து 3 மி.மீ. துளை போட்டு, வரும் தூள் ஈரமா என்று பார்த்தால் போதுமா? எத்தனை இடத்தில் போடணும்? பலகையை மாற்ற உள்தோலை வெட்டுவதா, வெளித்தோலையா? கூலியோடு எவ்வளவு ஆகும்? அதை வைத்துத்தான் விலை பேசணும். செய்தவர்கள் சொல்லுங்க.