லீவர் நிற்காத டோஸ்டர்: சரிசெய்வதா, லண்டனிலிருந்து விலை கூடியதை வரவழைப்பதா?

திருநகர் அக்கா:
எங்கள் பாப்-அப் டோஸ்டரில் லீவரை அமுக்கினால் நிற்காமல் மேலே வந்துவிடுகிறது. கையால் அமுக்கிப் பிடித்தாலும் கம்பி சிவக்கவில்லை. வாங்கிய கடையில் கேட்டால், "இதையெல்லாம் யாரும் ரிப்பேர் பண்றதில்ல, புதுசு எடுத்துக்கங்க" என்கிறார்கள். மாமனார் மாத்திரை போடுமுன் இரண்டு துண்டு பிரெட் சாப்பிடுவார், அதனால் தினமும் தேவைப்படும் சாமான். லண்டனில் இருக்கும் தம்பி பொங்கலுக்கு வரும்போது டுவாலிட் கம்பெனி டோஸ்டர் வாங்கி வரவா, ஆயுசுக்கும் உழைக்கும் என்கிறான். 200 பவுண்டுக்குப் பக்கம் வருமாம். அவ்வளவு போடலாமா?

புதூர் எலக்ட்ரீஷியன்:
அக்கா, முதலில் அதே பாயிண்டில் மிக்ஸியைப் போட்டுப் பாருங்கள். லீவரைப் பிடித்து வைப்பது ஒரு சின்ன மின்காந்தம். கரண்ட் வராவிட்டால் பிடிக்காது. பாயிண்ட் சரியென்றால் பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, அடித்தட்டை உருவித் தூளைக் கொட்டுங்கள். காந்தத்தில் ஒரு பிரெட் துணுக்கு சிக்கினாலும் இப்படி ஆகும். கத்தி, முள்கரண்டி எதையும் உள்ளே விடாதீர்கள்.

ஆனால் பிடித்தும் சிவக்கவில்லை என்பதால், வயர் அல்லது கம்பி மேல்தான் எனக்குச் சந்தேகம். மைக்கா தகட்டில் சுற்றிய, சூடாகிற நிக்ரோம் கம்பி பல மாடல்களில் சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, ஓடும். ஓரிடத்தில் அறுந்தால் எல்லாப் பக்கமும் போய்விடும். காந்தத்துக்கான சின்ன வோல்டேஜையும் அதே கம்பியிலிருந்துதான் எடுப்பார்கள், அதனால் லீவரும் நிற்காது. பிளக்கைப் பிடுங்கிய நிலையிலேயே லீவரை அமுக்கி, மேலே உள்ள எர்த் பின்னை விட்டுவிட்டு மற்ற இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை ஓமில் வைத்துத் தொட்டால் 800 வாட் டோஸ்டருக்கு 60 ஓம் சொச்சம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் பிரித்துப் பார்க்கணும். அறுந்தது கம்பியென்றால் ஈயம் வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள். அந்தச் சூட்டில் உருகிவிடும்.

திருமங்கலம் (முன்பு இங்கிலாந்தில் லீட்ஸ்):
அங்கே நான் இருந்த வீட்டில் டுவாலிட் கிளாசிக்தான். 1945-ல் தொடங்கிய கம்பெனி. கையால் பொருத்திச் செய்கிற மெஷின், ஸ்க்ரூவைக் கழற்றி எலிமென்ட் (சூடாகிற கம்பித் தகடு), டைமர் எல்லாவற்றையும் மாற்றலாம். நீண்ட நாள் உழைப்பதாகச் சொல்வதும் அதனால்தான். டைமர் டிக் டிக் என்று ஓடி நிற்கும். பிரெட் தானாகத் துள்ளாது, நாம்தான் தூக்கணும். மாமனாருக்கு இது சரிப்படுமா பாருங்கள்.

அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிளக்கை மாற்றினால் இங்கே ஓடும். 2 ஸ்லாட்டே 1200 வாட் கிட்ட இழுக்கும். 4 ஸ்லாட் 2200 வாட், 16 ஆம்பியர் பாயிண்ட் கட்டாயம். ஆனால் எலிமென்ட் போனால் மதுரை டவுன்ஹால் ரோட்டில் கேட்டு வாங்க முடிகிற சாமானா அது? மறுபடி தம்பி வரும்வரை காத்திருக்கணும். ஸ்பேர் கைக்கு எட்டாத ஊரில் அந்த விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காலையும் ராத்திரியும் பிரெட் தின்கிற வீடென்றால் வேறு பேச்சு. நமக்குத் தோசைக்கல் போக மிச்சம்தானே.

திருநகர் அக்கா:
மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. தெருமுனை ரிப்பேர் கடையில் பிரித்தார்கள். கம்பி நன்றாக இருக்கிறது. வயர் பாடிக்குள் நுழையும் இடத்தில், தினமும் மடித்துச் சுற்றி வைத்ததில், உள்ளே அறுந்திருந்தது. வயர் மாற்றியதும் இரண்டு பக்கமும் சிவக்கிறது, லீவரும் நிற்கிறது. தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருவருக்கும் ரொம்ப நன்றி.

புதூர் எலக்ட்ரீஷியன்:
சந்தோஷம் அக்கா. போட்டது மூணு பின் வயர்தானே? பச்சை எர்த் வயரைப் பாடித் தகட்டில் முடுக்கியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். அப்புறம் தைரியமாகப் போடலாம்.