‘பெரட்டு’ விளையாட்டின் அட்டைப்படம்: பார்க்கிறாங்க, யாரும் உள்ளே வர மாட்டேங்கிறாங்க

லயத்துப்பேரன், பினாங்கு

வணக்கம். நானும் என் அத்தை மகனும் ரெண்டு வருஷமா, ஷிப்ட் முடிஞ்சு வந்து ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து கோடோங்கிற மென்பொருளில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செஞ்சுக்கிட்டு இருக்கோம். பேரு ‘பெரட்டு’. எங்க தாத்தா பாட்டி கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவங்க, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவங்க. விடியறதுக்கு முன்னாடி ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கிறதில் ஆரம்பிச்சு, நெரையில், அதாவது மர வரிசையில், மரம் வெட்டி, பால் விழுற கிண்ணமான மங்கைத் துடைச்சு, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுக்கிற வரைக்கும் ஒரு நாள் வேலை. அவ்வளவுதான் ஆட்டம். சண்டை கிடையாது. மழை வந்தா மங்கில் இருக்கிற பால் வீணாப் போகும், அதுதான் வில்லன்.

100 டாலர் கட்டி, விளையாட்டு விற்கிற இணையக் கடையான ஸ்டீமில் பக்கம் திறந்து மூணு மாசம் ஆச்சு. பிறகு வாங்கலாம்னு குறிச்சு வைக்கிற விஷ்லிஸ்டில் 71 பேர், அதில் பாதி எங்க சொந்தக்காரங்க. அறிக்கையில் படம் எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தாங்கன்னு தனித்தனியா தெரியுது. காட்டத்தான் செய்யுறாங்க, வரத்தான் ஆள் இல்லை. வந்த ஒண்ணு ரெண்டு பேரும் “இது பேய் விளையாட்டா?”ன்னு கேட்டுட்டுப் போறாங்க.

அட்டைப்படம் இணைச்சிருக்கேன். அத்தை மகன் ஆறு வாரம் உட்கார்ந்து வரைஞ்சது. மர வரிசை, தொழிலாளர் குடியிருப்பான லயம், சைக்கிளில் கிராணி (தோட்டக் கணக்கர்), மரம் வெட்டுற அம்மா, பிள்ளைங்க, நாய், நிலா, மூடுபனி எல்லாம் இருக்கு. கீழே ‘பெரட்டு’ன்னு கையெழுத்து மாதிரி தலைப்பு, தமிழிலும் ரோமன் எழுத்திலும். மூலையில் ஒரு உள்ளூர்ப் போட்டியில் கிடைச்ச சிறப்புப் பரிசின் இலை வளையம். எங்க மானிட்டரில் பார்க்க அவ்வளவு அழகா இருக்கு! மச்சான் ஒருத்தர் “பேசாம ஏஐ கிட்ட சொல்லி வேற போடு”ங்கிறார். என்ன செய்யலாம்?

கேஎல் பிக்சல்

முதலில் அந்த இலை வளையத்தை எடுங்க. 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீமில் அது விதி: கேப்சூல் படத்தில், அதாவது கடையில் காட்டுற அட்டைப்படத்தில், விளையாட்டின் பேரும் அதிகாரபூர்வ துணைத்தலைப்பும் தவிர எந்த எழுத்தும் கூடாது. பரிசு, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி எதுவும் படத்தில் வரக்கூடாது. மீறினா பக்கம் குறைவாகத்தான் காட்டப்படும், விற்பனை விழாக்களிலும் இடம் கிடைக்காது. பரிசை விளக்கப் பகுதியில் எழுதிக்கலாம், தடையில்லை.

ஏஐ படம் போட்டா அதைப் படிவத்தில் சொல்லியாகணும், 2024 ஜனவரியிலிருந்து. நீங்க சொன்னது கடைப் பக்கத்திலேயே எல்லார் கண்ணிலும் படும். தாத்தா பாட்டி கதைக்கு அது தேவையான்னு நீங்களே யோசிங்க.

பட்டர்வொர்த் பேனர்காரன்

தம்பி, நான் இருபது வருஷமா பேனர் அடிக்கிறவன். 2020 கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் கல்யாணமும் இல்லை, திருவிழாவும் இல்லை, கடையில் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தப்போ ஒரு பையன் தன் விளையாட்டுக்குப் படம் கேட்டு வந்தான். அதிலிருந்து அஞ்சாறு செஞ்சுட்டேன். அதனால உன் படத்தைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டு ஞாபகம் வரலை, பேனர் ஞாபகம்தான் வந்தது.

ஒரு வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் வழியில் போட ஒரு தண்ணீர்ப்பந்தல் பேனர். தலைவர் முகம், செயலாளர் முகம், பொருளாளர் முகம், அவர் மச்சான் முகம், மொத்தம் பதினாலு முகம். வேல் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிப் போச்சு. நான் சொன்னேன், கேட்கலை, காசு அவங்களோடது. கட்டி முடிச்சதும் ஒரு பாட்டி நின்னு பார்த்துட்டு “இங்க தண்ணி குடுக்கிறாங்களா, இல்ல தேர்தலா?”ன்னு கேட்டாங்க. உன் படத்தில் இருக்கிற கிராணி, நாய், பிள்ளைங்க எல்லாரும் அந்தப் பதினாலு முகம்தான்.

நீ ஏத்துற சின்ன கேப்சூல் 462-க்கு 174 பிக்சல். சில இடங்களில் அதை ஸ்டீமே 120-க்கு 45-ஆகச் சுருக்கிக் காட்டும். 120-க்கு 45 எவ்வளவு தெரியுமா? உன் கட்டைவிரல் நகத்துக்குக் கொஞ்சம் பெரிசு. அதில் ஆறு வார வேலை ஒரு கறுப்புத் திட்டு. அதுக்கும் மேல, ஸ்டீம் பக்கத்தின் பின்னணியே கரும் நீலம். நீ விடியக்காலை இருட்டைக் கரும் நீலத்தில் வரைஞ்சிருக்கே. கரியை இருட்டு அறையில் வெச்ச மாதிரி. நிலாவும் மூடுபனியும் மட்டும் மங்கலா மிதக்குது, அதான் பேய்ங்கிறாங்க. அவங்க மேல தப்பே இல்லை.

உன் கிட்ட இருக்கிற நல்ல சரக்கு எதுன்னா, பால். வெள்ளைப் பால். இருட்டில் நெற்றி விளக்கு மஞ்சள் வட்டம் போடுது, அந்த வட்டத்துக்குள்ள பட்டை, உளி பிடிச்ச கை, வெட்டுக்கோடு வழியா இறங்குற வெள்ளைக் கோடு, அடியில் மங்கு. அது போதும். மஞ்சள், வெள்ளை, மிச்சமெல்லாம் இருட்டு. நகம் அளவிலும் அது தெரியும். பார்த்தவனுக்கு “இது கையால் ஏதோ வேலை செய்யுற ஆட்டம்”னு புரியும், பேய் பயமும் போயிடும். அந்த அம்மா முகம் வேணும்னா விளக்குக்குக் கீழே பாதி காட்டு. முழுசாக் காட்டினா கண் முகத்துக்குப் போயிடும், பால் தோத்துடும். இதில் வேற ஆளுங்க என்னோட ஒத்துக்க மாட்டாங்க, முகம்தான் விற்கும்பாங்க. கதை விளையாட்டுக்கு ஒத்துக்கிறேன். இது வேலை விளையாட்டு.

இப்போ எழுத்து. இங்கதான் எனக்கு மனசு வலிக்குது. ‘பெரட்டு’ன்னு மெல்லிசாக் கையெழுத்தில் போட்டிருக்கே. சுருக்கினா முதலில் சாகிறது புள்ளி. ‘பெரடடு’ன்னு நிக்குது. சரி, தடிமனாப் போடலாம்னா கொம்புச் சுழி அடைச்சுக்கும். தமிழ் எழுத்தைப் பெரிசாப் போட்டா கோபுரம் மாதிரி நிக்கும், சின்னதாப் போட்டா எறும்பு. பேனரில் எனக்கு இருபது அடி கிடைக்குது, உனக்கு நகம்தான். சின்ன கேப்சூலில் ரெண்டு மொழியும் வெச்சா ரெண்டுமே செத்துடும். அதனால சின்னதில் ரோமன் எழுத்து மட்டும், அகலம் பூரா, படத்தில் அந்த வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சினாப் போதும். பெரிய படங்களில், அதாவது 920-க்கு 430, 1232-க்கு 706 அதெல்லாம், தமிழைப் பெரிசாகவும் ரோமனை அதுக்கடியிலும் போடு. தமிழுக்குக் கிடைச்ச எழுத்துருவை அப்படியே போடாதே, கையால் வரை. புள்ளியை வட்டமா, துணிஞ்சு பெரிசா வை. என் குருநாதர் சொல்லிக் கொடுத்தது அது, கடைப் பலகை எழுதுறவர்.

இன்னொண்ணு, அத்தை மகன் கிட்ட ஒரே படமா வாங்காதே. கை, மரம், பின்னணி, தலைப்பு எல்லாம் தனித்தனி அடுக்கா இருக்கணும். நெட்டைக் கேப்சூல் 748-க்கு 896, வாங்கினவங்களோட ஸ்டீம் நூலகத்துக்கு 600-க்கு 900, அதுக்கு மேல 3840-க்கு 1240-னு ஒரு நீளப் படம், அதில் எழுத்தே இருக்கக்கூடாது. இட்ச்ங்கிற இன்னொரு விளையாட்டுத் தளத்திலும் பக்கம் திறந்தா அங்க 630-க்கு 500. ஒரே படத்தை வெட்டி வெட்டிப் போட்டா ஒண்ணில் தலை போகும், ஒண்ணில் மங்கு போகும்.

சோதிக்கிறது சுலபம். ஸ்டீம் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடு, உன் படத்தை அதே அளவில் மத்த விளையாட்டுகளுக்கு நடுவில் ஒட்டு. மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து எதிரில் இருக்கிறவர் கிட்ட ஒரு நொடி காட்டிப் பிடுங்கிக்கோ. “எது ஞாபகம் இருக்கு?”ன்னு கேளு, “நல்லா இருக்கா?”ன்னு கேட்காதே. நீ தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தா அவனுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

சுங்கை பட்டாணி அக்கா

விளையாட்டெல்லாம் எனக்குத் தெரியாது, என் மகன் இந்தப் படத்தைக் காட்டினான். எங்கம்மா முப்பது வருஷம் மரம் வெட்டினவங்க, நானும் பள்ளி விடுமுறையில் மரத்தில் காய்ஞ்சு ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால் பொறுக்கினவதான். தம்பி, படத்தில் வெட்டு தலைகீழா இருக்கு! மரத்தைப் பார்த்து நின்னா இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே இறங்கணும். நீங்க வலது மேலே போட்டிருக்கீங்க. பட்டைக்குள்ள பால் குழாய் சாய்ஞ்சு ஓடுது, இடமிருந்து வலம் இறக்கினாத்தான் நிறையக் குழாய் வெட்டுப்படும், பால் கூட வரும். இப்படி வெட்டியிருந்தா கங்காணி அன்னைக்கே பெரட்டில் வெச்சுத் திட்டியிருப்பார். எங்கம்மா உங்க படத்தைப் பார்த்ததும் “யாரு இது, புதுசா வந்தவளா?”ன்னு கேட்டாங்க.

லயத்துப்பேரன்

அக்கா, அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க. உண்மையிலேயே கண்ணாடிப் பிம்பத்தில்தான் இருந்திருக்கு. அத்தை மகன் ஒரு போட்டோவைப் பார்த்து வரைஞ்சுட்டு, தலைப்புக்கு இடம் வேணும்னு கடைசியில் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கான்.

பேனர்கார அண்ணே, ராத்திரி ஒரு கரட்டு வரைவு போட்டோம். கை, உளி, வெள்ளைக் கோடு, மங்கு. வெட்டு இப்போ இடது மேலேயிருந்து இறங்குறதால பால் வலது கீழ் மூலையில் வந்து நிக்குது, தலைப்பு வெக்க இடது பக்கம் அடியில் இடம் தானா கிடைச்சிடுச்சு. பக்கத்து வீட்டுச் சீனத்து ஆண்ட்டி கிட்ட ஒரு நொடி காட்டினேன். “ரப்பர்! எங்கப்பாவும் வெட்டினார்”னாங்க. நாயை மட்டும் எடுக்க அத்தை மகன் ஒத்துக்க மாட்டேங்கிறான். அது அவன் வளர்த்த நாய்.

பட்டர்வொர்த் பேனர்காரன்

நாயை 3840 படத்தில் போடச் சொல்லு, அங்க நிறைய இடம் இருக்கு. மங்கு விளிம்பில் மஞ்சள் கொஞ்சம் கம்மியா இருக்கு, ஏத்திட்டு மறுபடி அனுப்பு. நாளைக்கு எனக்கு ரெண்டு காதணி விழா பேனர் இருக்கு, சாயந்தரம்தான் பார்ப்பேன்.