பெயரை மறைத்தார்கள், காலேஜை மறைக்கவில்லை: உங்கள் ஆபீஸ் அனுபவங்கள்

டெஸ்டிங்அக்கா:
பெயர், போட்டோ, வயது மூன்றையும் மறைத்து ரெஸ்யூமைக் காட்டும் சாப்ட்வேர், தெரியும்தானே? எங்கள் கம்பெனியிலும் வாங்கினார்கள். முதல் நாள் பேனலில் நானும் மேனேஜரும். ஏழாவது ரெஸ்யூம். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை. கீழே பார்த்தால் "மகளிர் கல்லூரி" என்று பளிச்சென்று இருக்கிறது. அப்புறம் 2019-லிருந்து 2021 வரை ஒன்றுமே இல்லை. மேனேஜர் அந்த இடத்தில் விரலை வைத்து "குழந்தை" என்றார். அவ்வளவுதான், அடுத்ததற்குப் போய்விட்டார். எனக்கும் அதே மாதிரி இரண்டு வருஷ கேப் உண்டு. நான் சேர்ந்தது அவர் வருவதற்கு முன்னால், அதனால் அவருக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

ம்யூட்டில்இருக்கிறேன்:
எங்களுக்கு வந்தது வேறு. மீட்டிங் முடிந்ததும் யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று வட்டம் போட்டுக் காட்டும். 9 பேரில் 4 பேர் பெண்கள், நாலு பேரையும் சேர்த்தால் ஒரு கீற்றுத் தேங்காய் அளவு. அடுத்த வாரம் லீட் சொல்கிறார்: "லேடீஸ் யாராவது பேசுங்கம்மா, சார்ட் சரியா வரணும்." அன்மியூட் செய்து "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். அதுவும் கணக்கில் ஏறியிருக்கும்.

பழையகோடு:
அக்கா, மகளிர் கல்லூரி விஷயத்தில் அமேசானே விழுந்திருக்கிறது. ரெஸ்யூமுக்கு மார்க் போட 2014-ல் ஆரம்பித்த கருவி, பத்து வருஷ ரெஸ்யூம்களைப் படித்துப் பழகியது. அதில் பெரும்பாலும் ஆண்கள். இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அதுவாகவே மார்க் குறைத்தது. 2018-ல் செய்தி வெளியானது. மேனேஜரிடம் கற்றுக்கொண்ட பிள்ளை வேறு எப்படி இருக்கும்?

ஹெச்ஆர்20வருஷம்:
எல்லோரும் சாப்ட்வேரையே திட்டுகிறீர்கள். மறைப்பதே எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 2017-ல் ஆஸ்திரேலிய அரசு 2,100-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் ரெஸ்யூம்களைக் கொடுத்துச் சோதித்தது. பெயர் தெரிந்தபோதுதான் பெண்கள் ஷார்ட்லிஸ்ட் ஆகும் வாய்ப்பு 2.9% கூடியது. அங்கே தேர்வு செய்தவர்கள் ஏற்கெனவே பெண்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தார்கள், மறைத்ததும் அது போய்விட்டது.

என் கதை சின்னது. ஒரு இன்டர்வியூவில் "கல்யாணம் எப்போ?" என்று நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் தண்ணீர் டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

அதனால் சொல்கிறேன், கேள்விகளை முன்கூட்டியே எழுதிவையுங்கள். எல்லோருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. ஒவ்வொரு பதிலுக்கும் உடனே மார்க், பேனலில் ஒருவருக்கொருவர் பேசுவதற்கு முன்னால். பிறகு ஆள் ஆளாக ஒப்பிடாமல், எல்லோருடைய முதல் பதிலையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், அப்புறம் இரண்டாவது. "டீமுக்குச் செட் ஆவாரா" என்ற கட்டத்தை படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். கேப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும் என்றால்...

டெஸ்டிங்அக்கா:
சார், நான் அட்வைஸ் கேட்கவில்லை. மறுநாள் அந்த ஏழாவது ஆளைக் கூப்பிடலாம் என்று தேடிப் பார்த்தேன். நிராகரித்த ரெஸ்யூமில் கறுப்புப் பட்டை விலகவே விலகாதாம்.