பழைய புல்லட் 350: நான்குவழிச் சாலைக்கு 16 பல்லா, 17 பல்லா, 18 பல்லா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1988ஆம் ஆண்டின் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு இன்ஜின்) புல்லட் 350. கியர் வலது காலில், பிரேக் இடது காலில், மொத்தம் நான்கு கியர். அப்பா வாங்கி ஓட்டிய வண்டி என்பதால் இதை விற்பதையோ, வேறு வண்டிக்கு மாறுவதையோ நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அப்பா ஓட்டிய காலத்தில் மதுரையிலிருந்து திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழியாகச் சேலம் செல்லும் சாலை இருவழிச் சாலையாக இருந்தது. 55, 60 கிலோமீட்டர் வேகத்தில் போவதுதான் அன்று இயல்பு. இந்த இன்ஜினும் அந்த வேகத்தில் பாடிக்கொண்டே போகும். இப்போது அதே தடத்தில் நானும் மனைவியும் பக்கவாட்டுப் பெட்டிகளில் சாமான்களுடன் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை பெங்களூருக்குப் போய்வருகிறோம். பேருந்துகளும் லாரிகளும் 80க்கு மேல் விரைகிற நான்குவழிச் சாலையில் 60இல் போவது பாதுகாப்பாகப் படவில்லை. 80இல் போனாலோ ஒரு மணி நேரத்துக்குள் கை மரத்துப்போகிறது, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை, பின் விளக்கின் பல்பு இரண்டு பயணங்களுக்கு ஒருமுறை அறுந்துபோகிறது.

எங்கள் மெக்கானிக் கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது பின் சக்கரச் செயினை இழுக்கும் பல்சக்கரத்தை, 16 பல்லிலிருந்து 18 பல்லுக்கு மாற்றினால் இன்ஜின் அமைதியாகிவிடும் என்கிறார். வண்டியில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லாததால் இப்போது இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறது என்பதே எனக்குத் தெரியாது. மாற்றுவது சரியா? மாற்றினால் தொப்பூர் ஏற்றத்தில் இரண்டு பேரை இழுக்குமா?

முதல் பதில்

தம்பி, மீட்டர் இல்லாவிட்டாலும் கணக்குப் போட்டுவிடலாம். நான் லேத் பட்டறையில் வேலை செய்தவன். புல்லட்டை நாற்பது ஆண்டுகளாக ஓட்டுகிறேன். முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம், பிறகு அபிப்பிராயம் சொல்கிறேன்.

இன்ஜினையும் கிளட்ச்சையும் இணைக்கும் பிரைமரி செயினில் இன்ஜின் பக்கம் 25 பல், கிளட்ச் பக்கம் 56 பல். ஆகவே இன்ஜின் 2.24 சுற்று சுற்றினால் கிளட்ச் ஒரு சுற்று. நான்காவது கியர் நேரடி கியர் என்பதால் கியர்பாக்ஸில் எந்த மாற்றமும் இல்லாமல் அந்தச் சுற்று அப்படியே ஸ்ப்ராக்கெட்டுக்கு வந்துவிடும். அங்கே 16 பல், பின் சக்கரத்தில் 38 பல். எல்லாவற்றையும் சேர்த்தால் பின் சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் 5.32 முறை சுற்ற வேண்டும். 17 பல் போட்டால் அது 5.01 ஆகும், 18 பல் போட்டால் 4.73.

இனிச் சக்கரத்தின் சுற்றளவு. 3.25-19 டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஆள் உட்கார்ந்த நிலையில் வண்டியை ஒரு சுற்று உருட்டித் தரையில் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 2 மீட்டர் வரும். 80 கிலோமீட்டர் வேகம் என்பது நிமிடத்துக்கு 1,333 மீட்டர், அதாவது சக்கரம் நிமிடத்துக்கு 667 சுற்று. 16 பல்லில் உங்கள் இன்ஜின் அப்போது ஏறக்குறைய 3,550 சுற்று சுற்றுகிறது. 17 பல்லில் அது 3,340 ஆகும். 18 பல்லில் 3,150. அப்பா ஓட்டிய 60இல் இதே இன்ஜின் 2,660தான் சுற்றியிருக்கும். அது பாடியதற்கும் இன்று அது அலறுவதற்கும் உள்ள வேறுபாடு இந்த 900 சுற்றுதான்.

3,550 என்பது இக்காலத்து வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மிகச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் சுற்றின் எண்ணிக்கையை மட்டும் வைத்து எந்த இன்ஜினையும் எடைபோடக் கூடாது. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஓடித் திரும்புகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நமது இன்ஜினில் பிஸ்டனின் விட்டம் 70 மி.மீ., அது மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மி.மீ. 4,000 சுற்றில் அந்த பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 12 மீட்டர். 1975இல் வந்த ஹோண்டா கோல்ட் விங் 1000இல் அந்த ஓட்டம் 61.4 மி.மீ. மட்டுமே, ஆகவே அதே 4,000 சுற்றில் அதன் பிஸ்டன் வினாடிக்கு 8.2 மீட்டர்தான் போகும். நான்கு சிலிண்டர்கள் இருபுறமும் எதிரெதிராகப் படுத்திருப்பதால் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று விழுங்கிவிடும். நம் வண்டியில் ஒரே பிஸ்டன். அதன் எடையில் ஒரு பகுதியைத்தான் கிராங்கில் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டில்) உள்ள எதிர் எடை சமன் செய்கிறது, மீதி முழுவதும் சட்டத்துக்கும் கைப்பிடிக்கும் உங்கள் பல்புக்கும் போகிறது.

அந்த ஆட்டத்தின் விசை சுற்றின் இருமடியாக வளரும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அதே 80இல் 17 பல் போட்டால் விசை ஏறக்குறைய 11 விழுக்காடு குறையும்; 18 பல் போட்டால் 21 விழுக்காடு குறையும். ஒரு பல்லுக்கு இவ்வளவா என்று தோன்றும். கையில் உணர்ந்து பார்த்தவர்களுக்கு இது உண்மை என்று தெரியும்.

ஆகவே உங்கள் மெக்கானிக் சொன்னதில் பிழை இல்லை. சமவெளியில் தனியாகப் போகிறவருக்கு 18 நன்றாகவே பொருந்தும். நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். தொப்பூருக்கும் தயங்க வேண்டாம், மூன்றாவது கியருக்கு இறங்கிக்கொள்ளுங்கள். 60இல் மூன்றாவது கியரில் 18 பல்லுடன் இன்ஜின் 3,200 சுற்றுக்குச் சற்று மேல் இருக்கும். அது நன்றாக இழுக்கும் இடம்.

இரண்டாம் பதில்

மேலே ஐயா சொன்ன கணக்கை முழுவதும் ஏற்கிறேன். அதிலிருந்து அவர் எடுத்த முடிவை, இரண்டு பேரும் சாமானும் ஏறும் வண்டிக்கு, ஏற்க முடியவில்லை. நான் நாகர்கோவிலில் இருக்கிறேன், என்னிடமும் இதே வண்டிதான் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் 18 பல்லோடு ஓட்டிவிட்டு 17க்குத் திரும்பினேன். ஏன் திரும்பினேன் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு நான் கொடுத்த விலை சிறியதல்ல.

பல்லைக் கூட்டினால் சுற்று குறைகிறது என்பது ஒரு பக்கம். இன்ஜின் அதே முறுக்கு விசையைத் தந்தாலும் பின் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் இழுவை 18 பல்லில் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது என்பது மறுபக்கம். வெறும் சாலையில் அதை உணர மாட்டீர்கள். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரும் வழியில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் முப்பந்தலைக் கடந்து பாருங்கள். காற்றாலைகளை அங்கே காரணமில்லாமல் நட்டு வைக்கவில்லை. அந்த எதிர்க்காற்றில் என் வண்டி நான்காவது கியரில் 70ஐத் தாண்ட மறுத்தது. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்தபடியே பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டினேன். மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டிய இடம் அது. இன்ஜின் சத்தம் குறைவாக இருந்ததால் அது சுகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்ஜினைத் திறந்தபோது பிக் எண்ட், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்கோடு சேரும் மூட்டு, போயிருந்தது. பழைய இன்ஜின்களில் அங்கே உருளைகள் கிடையாது, மிதக்கும் புஷ் என்ற தளர்வாகச் சுழலும் உலோக வளையம்தான். அந்த புஷ் உயிரோடு இருப்பது எண்ணெயின் தயவில். எண்ணெய் பம்ப்பைச் சுழற்றுவது கிராங்கின் முனையில் உள்ள வார்ம் கியர். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், எண்ணெயும் குறைவாக வரும். குறைந்த சுற்று, முழு ஆக்சிலேட்டர், இரண்டு பேர் பாரம் மூன்றும் சேர்ந்தால் புஷ்ஷின் மீது அழுத்தம் மிகுந்தும் எண்ணெய் குறைந்தும் இருக்கும் நிலை உருவாகிறது. என் இன்ஜினுக்கு ஏற்கெனவே வயதாகியிருந்தது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அதை விரைவுபடுத்தியது நான் ஓட்டிய முறைதான் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. நான்காவது கியரில் விசை நேராகப் போய்விடும். மூன்றாவதில் துணைத்தண்டின் பல்சக்கரங்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 18 பல் போட்ட பிறகு நீங்கள் முன்பைவிட அதிக நேரம் மூன்றாவதில்தான் இருப்பீர்கள், கியர்பாக்ஸின் தேய்மானமும் அங்கேதான் கூடும். முதல் கியரும் நீளமாகிவிடும். 16 பல்லில் முதல் கியரின் மொத்த விகிதம் 14.8, 18இல் 13.1. பாரத்தோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் கிளட்ச்சைப் பாதி பிடித்தே எடுக்க நேரும்.

என் கருத்து 17. மாற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். 18 பல்லில் 90 போகும்போது இன்ஜின் சுற்றுவதும் 16 பல்லில் 80 போகும்போது சுற்றுவதும் ஒரே அளவு. எனவே இப்போது உள்ள 16 பல்லிலேயே மனைவியும் சாமானும் உடன் இருக்கும்போது, எதிர்க்காற்றில் வண்டி 85ஐ நான்காவது கியரில் எளிதாகப் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். அங்கேயே திணறுகிற இன்ஜினுக்குப் பல்லைக் கூட்டுவது உதவாது.

கேட்டவர்

ஐயாவுக்கும் சகோதரிக்கும் மிக்க நன்றி. சாக்பீஸ் அளவு 2 மீட்டரும் சில சென்டிமீட்டரும் வந்தது. சோதனையில் 85ஐப் பிடித்துக்கொண்டது, ஆனால் ஆக்சிலேட்டர் முக்கால் பங்குக்கு மேல் திறந்திருந்தது. ஆகவே 17 என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு துணைக் கேள்வி: பின்னாளில் வந்த ஐந்து கியர் பெட்டியைப் பொருத்திக்கொண்டால் ஒரு கியர் கூடுதலாகக் கிடைப்பதால் சுற்று தானாகவே குறைந்துவிடாதா? அல்லது பின் சக்கரத்தின் 38 பல்லைக் குறைத்துக்கொள்ளலாமா?

மூன்றாம் பதில்

குறையாது. ஐந்து கியர் பெட்டியிலும் கடைசி கியர் நேரடி கியர்தான். இரண்டு கியர்களுக்கு இடையிலுள்ள தாவலைத்தான் அது சிறிதாக்குகிறது. ஏற்றத்தில் அது உதவும், நெடுஞ்சாலைச் சுற்றுக்கு உதவாது. பின் பல்சக்கரம் பிரேக் டிரம்மோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால் அதை மாற்றுவது டிரம்மையே மாற்றுவதாகும். அனைவரும் முன்பக்கம் மாற்றுவது இதனால்தான்.

முன்பக்கத்து வேலையும் அரை நாள் எடுக்கும். ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், பிரைமரி கவர், கிளட்ச், உள் கவர் அனைத்தையும் கழற்றினால்தான் ஸ்ப்ராக்கெட் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு தூரம் திறந்துவிட்டு அதன் பின்னாலுள்ள ஆயில் சீலைப் பழையதாகவே விட்டுவிடாதீர்கள். ஒரு பல் கூடுவதற்குச் செயினில் கண்ணி சேர்க்க வேண்டிவராது. அச்சில் செயினின் இறுக்கத்தைச் சரிசெய்யும் நத்தை வடிவ கேம்களைச் சற்று முன்னே தள்ளினால் போதும். ஸ்பீடோமீட்டர் முன் சக்கரத்திலிருந்து இயங்குவதால் அது காட்டும் வேகம் மாறாது.

வேலைக்கு முன்பாக கான்டாக்ட் பிரேக்கரின் பின்னாலுள்ள, சுற்றுக்கு ஏற்பத் தீப்பொறியின் நேரத்தை முன்தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் தடையின்றி விரிந்து சுருங்குகின்றனவா, இன்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அட்வான்ஸ் சிக்கிக்கொண்ட இன்ஜின் எந்தப் பல்லிலும் சூடாகும். போல்ட் தளர்ந்த சட்டத்தில் 2,500 சுற்றே 4,000போல் ஆடும்.

கேட்டவர்

வேலை முடிந்து ஒருமுறை பெங்களூர் போய்வந்துவிட்டேன். இன்ஜினின் தலைப்பகுதியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளில் ஒன்று உண்மையிலேயே தளர்ந்திருந்தது. ஆகவே முன்னேற்றத்தில் எவ்வளவு ஸ்ப்ராக்கெட்டால் வந்தது, எவ்வளவு போல்ட்டால் வந்தது என்று பிரித்துச் சொல்வது நேர்மையாக இருக்காது. 75க்கும் 80க்கும் இடையில் இப்போது கை மரப்பதில்லை. கண்ணாடி இன்னும் ஆடுகிறது, ஆனால் பின்னால் வருவது லாரியா, காரா என்று அடையாளம் தெரிகிறது. தொப்பூர் ஏற்றத்தில் முன்பு நான்காவதிலேயே முக்கி முக்கி ஏறிய இடத்தில் இம்முறை ஐயா சொன்னபடி முன்கூட்டியே மூன்றாவதுக்கு இறங்கி 55இல் ஏறினேன். இன்ஜின் ஒருமுறைகூட நாக் அடிக்கவில்லை. நகருக்குள் முதல் கியரில் கிளப்பும்போது மட்டும் கிளட்ச்சைச் சற்று நேரம் கூடுதலாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.