சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் உணர்ந்த வெப்பம்: உங்கள் அனுபவங்கள்

வேளச்சேரிக்காரர்:
ஒரு மே மாத இரவு, பத்து மணிக்கு மேல், பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில் இருசக்கர வண்டியில் வந்துகொண்டிருந்தேன். அந்தச் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிச் செல்வது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். கட்டடங்கள் முடிந்து சதுப்பு தொடங்கிய இடத்தில், அதுவரை முகத்தில் அடித்த அனல் சட்டென்று விலகிக் கழுத்து வியர்வை குளிர்ந்தது. துரைப்பாக்கத்தை நெருங்கியதும் மீண்டும் அதே அனல். எல்லை அத்தனை துல்லியமாக இருந்ததுதான் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

மாடிவீடு:
எங்கள் குடியிருப்பு நிற்பதே மண் கொட்டி மேடாக்கிய சதுப்பின் மீதுதான். இரவு ஒன்பது மணிக்குத் துணி எடுக்க வெறுங்காலுடன் மொட்டை மாடிக்குச் சென்றபோது தளம் இன்னும் சுட்டது. அடுத்த மனையில் கொஞ்சம் கோரைப்புல் மிஞ்சியிருக்கிறது. கீழே வந்து அதில் கால் வைத்தால் மண் சில்லென்றிருந்தது. பகல் முழுவதும் இரண்டின் மீதும் காய்ந்தது ஒரே வெயில்தான்.

நடுப்பகல்:
முதற்பதிவை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. பறவை பார்க்க நண்பகலில் அதே சதுப்பின் கரையில் நின்றபோது என் சட்டை உலரவேயில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவைப்படுவதால், சதுப்பு பகல் வெயிலின் பெரும்பங்கை ஆவியாதலிலேயே செலவிட்டுவிடுகிறது என்பதும், அந்த வழி இல்லாத கான்கிரீட் அதைச் சேர்த்துவைத்து இரவில் வெளிவிடுகிறது என்பதும் உண்மையே. ஆனால் தேங்கிய நீரும் இரவில் தன் சூட்டை எளிதில் விடுவதில்லை. ஆகவே நீங்கள் உணர்ந்த குளிர்ச்சியில் திறந்த வானத்துக்கும் தடையின்றி வீசும் கடற்காற்றுக்கும் கணிசமான பங்கு உண்டு. செயற்கைக்கோள் வெப்பப் படங்களைக் காட்டி வாதிடுவோரும், அவை அளப்பது தரையின் சூட்டையே, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் சூட்டை அன்று என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வேளச்சேரிக்காரர்:
அந்தத் திறந்த வானமும் காற்று வரும் வழியும் சதுப்பு கட்டடமாகாமல் இருப்பதால்தானே கிடைக்கின்றன? 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது பழைய சதுப்பில் எஞ்சிய சிறு பகுதி மட்டுமே.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
எங்கள் வீட்டு மாடியும் அப்படித்தான் சுட்டது. மாடிவீடு அவர்களே, தளத்துக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். மாசி மாதத்திலேயே தளத்தை நன்கு கழுவி, விரிசல்களை அடைத்து, ஈரம் காய்ந்தபின் இரண்டு முறை பூச வேண்டும். தூசு படிந்தால் பலன் குறையும் என்பதால் கோடையில் அவ்வப்போது கழுவவும் வேண்டும். மேற்குச் சுவரை மறந்துவிடாதீர்கள், அங்கே கொடி படரவிடலாம். குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியை அண்டை வீட்டுச் சன்னலை நோக்கி வைக்காதீர்கள்.

மாடிவீடு:
நன்றி ஐயா. நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறோம்; மாடியில் எங்களுக்குத் துணி உலர்த்த மட்டுமே அனுமதி.