டீகிரானுலேஷன்: மணியுதிர்வா, மணியவிழ்வா?

வணக்கம்.

இரத்தம் உறையத் துணைபுரியும் தட்டணு (பிளேட்லெட்), தன்னுள் இருக்கும் நுண்ணிய மணிகளில் (granules) பொதிந்ததை வெளியே விடுவதே டீகிரானுலேஷன். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த ஒரு கருத்து:

> தட்டணு தன் மணிகளை உதிர்க்கிறது. எனவே 'மணியுதிர்வு' போதும்.

அழகான சொல்தான், நெற்கதிரே கண்முன் வருகிறது. ஆனால் அங்கே மணி எதுவும் உதிர்வதில்லையே! செரோடோனின் என்ற வேதிப்பொருளை வைத்திருக்கும் செறிமணி (dense granule), தட்டணுவின் வெளிச்சவ்வோடு ஒட்டி, ஒட்டிய இடத்தில் வாய் திறந்து, உள்ளிருப்பதை மட்டும் வெளியே விடுகிறது. இன்னொரு பரிந்துரையான 'மணியுமிழ்வு'க்கும் இதே குறைதான்.

(தட்டணுவில் உட்கரு இல்லை, அதை 'அணு' (செல்) எனலாமா என்ற சண்டையை இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்வோம்.)

இன்னொன்று. தட்டணு செரோடோனினைத் தானே செய்வதில்லை. குடலில் உண்டாகி இரத்தத்தில் வருவதை உறிஞ்சி, பொதிந்து வைத்துக்கொள்கிறது. கட்டி வைத்த மூட்டை, வேளை வந்ததும் பிரிகிறது. அதனால் 'மணியவிழ்வு' என்கிறேன். மூட்டையும் அவிழ்கிறது, மொட்டும் அவிழ்கிறது. இரண்டிலும் உறை திறப்பதுதான் செய்தி.

நாம் எழுதும் செப்சிஸ் (தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினை) கட்டுரையில் போட்டுப் பார்த்தேன்: "எலிகளில் தட்டணுக்கள் மணியவிழ்ந்து விடும் செரோடோனின், நியூட்ரோபில்கள் குழாய்ச்சுவரில் ஒட்டத் துணைபோகிறது." (நியூட்ரோபில் ஒரு வகை வெள்ளணு.) 2013இல் வந்த சுண்டெலி ஆய்வின் சாரம் இது. மூளைக்கு வெளியே செரோடோனின் செய்யும் நொதியின் மரபணுவை நீக்கிய எலிகளில் அந்த ஒட்டல் குறைந்தது; எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) தரும் அதிர்ச்சியிலும் அவை மற்ற எலிகளைவிடக் கூடுதலாகப் பிழைத்தன.

இந்த வாக்கியத்தில் 'உதிர்ந்து' என்று போட்டால் என்ன ஆகும்? டெங்கு வந்த வீடுகளில் 'பிளேட்லெட் இறங்கிடுச்சு' என்று கேட்டே பழகிய வாசகர், எண்ணிக்கை குறைந்தது என்றுதான் படிப்பார். செப்சிஸிலும் எண்ணிக்கை குறைவது உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். எனக்கு இதுதான் முதன்மையான காரணம், மற்றதெல்லாம் அப்புறம்.

'அவிழ்' என்றால் சோற்றுப் பருக்கையும்தானே என்று சிலர் கேட்பார்கள். ஆம், ஆனால் இந்த இடத்தில் யாரும் சோற்றை நினைக்கமாட்டார்கள். வினையாகவும் நன்றாக ஓடுகிறது: தட்டணு மணியவிழும், திராம்பின் (இரத்தத்தை உறைய வைக்கும் நொதி) அதை மணியவிழ்க்கும்.

சரி, ஒவ்வாமையில் பங்குள்ள நோயெதிர்ப்பு அணுவான மாஸ்ட் செல்லுக்கும் இதே சொல்தானே? ஒவ்வாமைக் கட்டுரையில் 'துகள் வெளியேற்றம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். மாற்றிவிடட்டுமா?