மதுத் தடையோடு புரொபேஷனில் (சிறைக்குப் பதிலாக நீதிமன்றக் கண்காணிப்பில்) இருந்தவர்கள் வாருங்கள், மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

எட்டுமாசம்
எல்லாம் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஒரு காலை மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ்தான், அந்தக் கதை வேண்டாம். ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது என்று நிபந்தனை, நானும் தொடவில்லை. அன்று அலுவலரைப் பார்க்கப் போகும்போது வாய் நாறக் கூடாதே என்று வாசலிலேயே மவுத்வாஷ் கொப்பளித்துத் துப்பினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மூச்சில் ஆல்கஹாலை அளக்கும் கருவியை நீட்டினார். ஊதினேன். 0.041.

அவர் முகத்தில் எதுவுமே மாறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அங்க உட்காருங்க" என்று சுவரோரப் பெஞ்சைக் காட்டினார். பதினைந்து நிமிடம். தண்ணீர் கூடாது, சூயிங்கம் கூடாது. எதிரே கடிகாரம். குடிக்காத நான் குடித்தவனைப் போலவே வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மறுபடி ஊதியதில் 0.000. வாயில் தங்கியிருந்த மவுத்வாஷ் ஆல்கஹால் அதற்குள் போய்விட்டிருந்தது. "சரி, போகலாம்" என்றார். அவ்வளவுதான். வேறு யாருக்காவது இப்படி?

இரவுப்பணிக்காரி
எனக்கு ஊதுவதெல்லாம் இல்லை, சிறுநீரில் ஈடிஜி பரிசோதனை. அது ஆல்கஹாலைத் தேடுவதில்லை; உடம்பு ஆல்கஹாலைக் கரைத்த பிறகு மிஞ்சுவதைத் தேடும். குடித்து மூன்று நாள் ஆனாலும் மாட்டலாம். நான் செய்வது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை சானிடைசர் தேய்க்கிறோம் என்று யார் எண்ணுகிறார்கள்? எனக்கு மில்லிலிட்டருக்கு 140 நானோகிராம் என்று வந்தது, எங்களுக்கு வைத்திருந்த வரம்பு 100. (500 வைக்கிற இடங்களும் உண்டு. அங்கே என்றால் தப்பித்திருப்பேன்.)

அலுவலர் தாளைத் திருப்பி வைத்து, அந்த எண்ணை விரலால் தட்டி, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தேன். கையை நீட்டி "மோந்து பாருங்க" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வந்த வார்த்தை. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவர் மோந்து பார்க்கவில்லை. ஆல்கஹால் இல்லாத திரவத்துக்கு மாறினேன், அடுத்து வந்த மூன்று முடிவும் சுத்தம், மீறல் என்று பதிவாகவில்லை.

வளையம்கழற்றியவன்
எட்டுமாசம், கோபிக்க வேண்டாம், தப்பு உங்கள் மேல்தான். கையெழுத்துப் போட்ட தாளில் மவுத்வாஷ் கூடாது என்று கட்டாயம் இருந்திருக்கும். யாரும் படிப்பதில்லை. இரவுப்பணிக்காரி அக்கா, உங்களை நம்புகிறேன். ஆனால் நிஜமாகவே குடித்துவிட்டு வருகிறவனும் அதே சானிடைசர் கதையைத்தான் சொல்கிறான், அவர்கள் யாரை நம்புவார்கள்?

எனக்குக் கணுக்கால் வளையம், 90 நாள். அரை மணிக்கு ஒரு தடவை தோலிலிருந்து வரும் ஆவியைச் சோதிக்கும். 61ஆம் நாள் மூன்று பீர் குடித்தேன். கூப்பிட்டுக் கேட்டபோது சென்ட் அடித்தேன் என்று சாதித்தேன். அவர் கணினியை என் பக்கம் திருப்பினார். சென்ட் என்றால் கோடு சட்டென்று எழும்பிச் சட்டென்று விழுமாம், அதற்கு ஒரு மாதிரியும் காட்டினார். என்னுடையது மெல்ல ஏறி மெல்ல இறங்கியிருந்தது, குன்று மாதிரி. அந்தக் குன்றைக் காட்டி, "இது உங்க சனிக்கிழமை ராத்திரி" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்கஹால் இல்லாத பீர் என்று எழுதியிருந்தாலும் 0.5 சதவீதம் வரை இருக்கலாம், தொடாதீர்கள். இருமல் மருந்து, வெனிலா எசன்ஸ், கொம்புச்சா என்ற புளிக்கவைத்த தேநீர், எதுவானாலும் புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சீட்டை அன்றே அலுவலரிடம் காட்டுங்கள், மாட்டிய பிறகு காட்டினால் அதற்கு மதிப்பே வேறு. வளையத்தோடு தொட்டியில் இறங்கக் கூடாது, ஷவர் மட்டும். பரிசோதனைக்கு முன்னால் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்து ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிறுநீரில் வழக்கமாக இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நீர்த்த மாதிரி என்று எழுதிவிடுவார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டி வரும். அப்புறம், அலுவலரிடம் எகிறாதீர்கள். ஒரு நோட்டுப் போட்டு, போன நேரம், வந்த நேரம், பேசிய பேச்சு எல்லாம் எழுதி வையுங்கள்.

நீலநிறம்
மேலே இருப்பவர் அனுபவம் பத்து வரி, அறிவுரை அதற்கும் மேலே. யார் கேட்டது? அக்காவைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஈடிஜி முடிவை மட்டும் வைத்து ஒருவர் மேல் நடவடிக்கை எடுப்பது சரியல்ல என்று 2006லேயே போதைப் பழக்கம், மனநலம் ஆகியவற்றைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் சாம்சா அமைப்பு எச்சரித்திருக்கிறது. கதைவிடுகிறார்கள் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

என்னுடையது நிற முறை. தினமும் காலையில் போன் செய்ய வேண்டும், பதிவு செய்த குரல் ஒரு நிறம் சொல்லும். நம் நிறம் வந்தால் அன்றைக்கே சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும், போகாவிட்டால் குடித்ததாகவே கணக்கு. நேர்முகத் தேர்வு இருந்த அன்று "நீலம்" என்றது குரல். இஸ்திரி போட்ட உடையோடு ஓடினேன். பின்னால் ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், எனக்கு வரவே இல்லை. அவரே எட்டிக் குழாயைத் திறந்துவிட்டு, "தண்ணிச் சத்தம் கேட்டா வரும்மா" என்றார், குழந்தையிடம் சொல்வதுபோல. வேலை கிடைத்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாம்நாள்
நீங்கள் எல்லாரும் மாட்டியதைச் சொல்கிறீர்கள், நான் கீழ்ப்படிந்த கதை சொல்கிறேன். பல வருடம் தினமும் குடித்தவன். நீதிபதி "இன்றிலிருந்து" என்றார், அப்படியே எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கை நடுங்கியது, சாயங்காலம் சரியாகும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலிப்பு. நாக்கைக் கடித்திருக்கிறேன். கண் திறந்தால் மருத்துவமனை.

"இத்தனை வருஷக் குடியை யாரைக் கேட்டு ஒரே நாள்ல நிறுத்தினீங்க?" என்று திட்டினார் மருத்துவர்.

"நீதிபதி சொன்னாரு" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் சொல்ல வந்தேன். நிறுத்திய முதல் இரண்டு நாளில்தான் இது பெரும்பாலும் வருமாம், தினமும் அதிகம் குடிப்பவர்கள் மருந்தோடு படிப்படியாகத்தான் விட வேண்டுமாம். நீதிமன்றத்தில் ஒருவரும் சொல்லவில்லை. கொடுத்த மருந்து அடுத்த பரிசோதனையில் காட்டியது, அதற்கும் ஒரு விசாரணை.

வளையம்கழற்றியவன்
அப்படியானால் நீதிபதி "நாளைக்கு மறுநாள் நிறுத்து" என்றா சொல்வார்? வக்கீலிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

நீலநிறம்
ஆரம்பித்துவிட்டார்.

எட்டுமாசம்
வளையம்கழற்றியவன் சொன்னாரே என்று பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். நான்காம் பக்கத்தில் "ஆல்கஹால் கலந்த பொருட்கள்" என்று மட்டும்தான் இருக்கிறது. மவுத்வாஷ் என்ற சொல்லே இல்லை. கீழே என் கையெழுத்து. கூடவே அன்றைய வருகைத் தாளின் நகலும் கிடைத்தது. 0.041ஐ ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 0.000 என்று எழுதியிருக்கிறார். அடித்ததையும் நன்றாகவே படிக்க முடிகிறது.